எல்லப்பன் கட்டிய தாலுகா ஆபீஸ்

காலை 5.50. ஊத்தங்கரையிலிருந்து கிருஷ்ணகிரி ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர், கட்டணம் நாற்பத்திரண்டு ரூபாய். பயண நோக்கத்தை மறைப்பதற்கில்லை. பள்ளித் தோழன் எல்லப்பன் இப்போது சினிமாவில் புரொடக்‌ஷன் டிசைனர். ஒரு வெப் சீரீஸுக்காக ஜவளகிரிப் பக்கம் தாலுகா ஆபீஸ் ஒன்றை செட் போட்டிருக்கிறான். "வந்து பாத்து, தப்பு இருந்தா சொல்லுடா" என்று போனில் கூப்பிட்டான். நான் நாற்பது ஆண்டுகள் வருவாய்த் துறையில் இருந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். தப்பு கண்டுபிடிக்காமல் திரும்புவதில்லை என்று முடிவு செய்துதான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

என் பொறாமைக்குப் பணிமூப்பு அதிகம். பள்ளிக்கூடத்தில் அரசு ஓவியத் தேர்வில் எனக்கு முதல் வகுப்பு, அவனுக்கு இரண்டாம் வகுப்பு. சென்னையில் ஓவியக் கல்லூரிக்கு இருவருக்கும் இடம் கிடைத்தது. அதே மாதம் எனக்கு இளநிலை உதவியாளர் நியமன ஆணையும் வந்தது. அவனுக்கு எந்த ஆணையும் வராததால் சென்னைக்குப் போனான்.

8.45. ஓசூர். கம்பெனிப் பேருந்துகள் சீருடைக்காரர்களை ஏற்றிக்கொண்டு வரிசையாகப் போயின. என்னைத் தவிர எல்லோருக்கும் எங்கோ நேரத்துக்குப் போக வேண்டியிருந்தது. "தளி போகுமா?" என்று படியில் நின்றபடி கேட்டேன். "நீங்க படிய விட்டு மேல ஏறுனா போகும் சார்" என்றார் நடத்துனர்.

தளியிலிருந்து பத்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஷேர் ஆட்டோ. ரோஜா வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரங்கள் முடிந்து காடு தொடங்கும் இடத்தில், வலப்பக்கம் வட்டாட்சியர் அலுவலகம் நின்றது. வெற்றிலைக் கறை படிந்த தூண், காற்றில்லாத சக்கரத்தோடு ஜீப், மூலை கிழிந்த அறிவிப்புகள். ஒரு கணம் என் கை சட்டையின் மேல் பொத்தானைப் போட்டது.

"ஐயா நடை இன்னும் போகலடா உனக்கு!" என்று சிரித்துக்கொண்டு எல்லப்பன் வந்தான். வெள்ளைத் தாடி, அரைக்கால் சட்டை, நகத்தில் பெயிண்ட்.

டீ வந்தது. இந்த வேலைக்கு எப்படி வருவது என்று கேட்டேன். இந்தப் பயணக் குறிப்பின் வாசகர்களுக்காகக் கேட்டதாகச் சொல்லிக்கொள்ளலாம்.

"காலேஜ் முடிச்சு நாலு வருஷம் புதுச் சுவத்த அழுக்காக்கறதுதான் வேலை. டீத்தூள், புகை, பசை. அப்புறம் சினிமாத் தொழிலாளர் சங்கத்து கார்டு. உதவியாளரா பன்னெண்டு வருஷம். அப்புறம் ஆர்ட் டைரக்டர். டிசைனர் ஆனது இப்பத்தான்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஆர்ட் டைரக்டர் செட்டக் கட்டுவான். கதை எந்த நெறத்துல இருக்கணும், எந்த ஊர்ல நடக்கணும், ஹீரோயின் பொடவை சுவத்தோட சேருமா, எல்லாத்தயும் மொதல்லயே டைரக்டரோட உக்காந்து முடிவு பண்றவன் டிசைனர்."

எங்கள் துறையில் பதவி உயர்வுக்குப் பட்டியல் உண்டு. மேலே ஒருவர் ஓய்வு பெறவோ இறக்கவோ வேண்டும். இவனுக்காக யாரும் சாக வேண்டியிருக்கவில்லை. அது எனக்கு முறையாகவே படவில்லை.

பிறகு குரலைத் தாழ்த்தினான். "டைரக்டர் ரெண்டு மணிக்கு வர்றான். எம்பையன் வயசு. போன செட்டு அவனுக்குப் புடிக்கல. இதுவும் நெஜமா தெரியலன்னா வேற ஆள் பாப்பேன்னு மேனேஜர்கிட்ட சொல்லிட்டானாம். ஒழுங்கா பாருடா."

12.00. ஒழுங்காகவே பார்த்தேன். கோப்புகளின் சிவப்பு நாடா, வருகைப் பதிவேட்டின் கோடுகள், முத்திரை மை, தபால் பெட்டி என ஒன்றிலும் குறை சொல்ல இடமில்லை. கடைசியில் வட்டாட்சியர் அறையில் கிடைத்தது. நாற்காலிக்கு எதிர்ச் சுவரில், இங்கே பணியாற்றிய வட்டாட்சியர்களின் பெயர்ப் பலகை. ஒருவர் போன மறுநாளே அடுத்தவர் வந்திருக்கிறார். எந்த அரசு அலுவலகத்திலும் இப்படி நடக்காது. இடையில் யாராவது நாற்பது நாள், அறுபது நாள் கூடுதல் பொறுப்பில் இருந்திருப்பார்கள். அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'பொறுப்பு' என்று இருக்கும். இந்தப் பலகையில் அப்படி ஒருவர்கூட இல்லை.

படம் வெளியானதும் வருவாய்த் துறையே சிரிக்கும், முதலில் நான் சிரிக்கலாம் என்று கணக்குப் போட்டேன்.

"ஏதாச்சும் இருக்கா?" என்றான்.

"ஒண்ணுமில்லப்பா."

தோளைப் பிடித்து உலுக்கினான். கண் கலங்கியிருந்தது. நான் ஜீப்பைப் பார்த்தேன்.

1.15. நான்கு தச்சர்கள் கன்னடத்தில் பேசிக்கொண்டு அந்தச் சுவரின் திருகுகளைத் தளர்த்த வந்தார்கள். ஷூட்டிங்கில் சுவரை எடுத்துவிட்டுக் கேமரா அந்த இடத்தில்தான் நிற்குமாம். சுவர் படத்தில் வராதாம்.

"வராத சுவத்துக்குப் பலகை எதுக்கு?" என்றேன்.

"ஒத்திகையில அந்த நாற்காலியில உக்கார்ற நடிகன் அரை நாளு அதத்தான பாத்துட்டிருப்பான்? தனக்கு முன்னாடி இத்தனை பேரு இருந்தாங்கன்னு அவனுக்குத் தெரிய வேணாமா?"

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. யாரும் பார்க்கப்போகாத தப்பை வைத்துக்கொண்டு பயனில்லை என்பதாகவும் இருக்கலாம். 'பொறுப்பு' விஷயத்தைச் சொன்னேன்.

"இத மொதல்லயே ஏண்டா சொல்லல?"

"இப்பத்தான் பட்டுது."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். தச்சர்களை நிறுத்திவிட்டுத் தூரிகையை எடுத்தான். "நீ இருந்திருக்கியா பொறுப்புல?"

"நாப்பத்தாறு நாள்."

"உங்க ஆபீஸ் பலகையில போட்டாங்களா?"

"இல்ல."

நடுவில் ஒரு வரியை அழித்து என் பெயரையும் நாற்பத்தாறு நாள் தேதிகளையும் எழுதினான். பக்கத்தில் 'பொறுப்பு'. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. என் பெயர் அவ்வளவு அழகாக எழுதப்பட்டு நான் பார்த்ததில்லை. முதல் வகுப்பு யாருக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்பது அந்த எழுத்தில் தெரிந்தது.

2.10. இயக்குநர் வந்தார். செட் முழுவதையும் சுற்றினார். வட்டாட்சியர் நாற்காலியில் உட்கார்ந்து ஈரம் காயாத பலகையைப் படித்தார். "இந்த ஆளு மட்டும் ஏன் சார் நாப்பத்தாறு நாள்?"

எல்லப்பன், பிறந்ததிலிருந்து தெரிந்தவன் போல, விளக்கினான்.

"பாவம் சார், நல்லா இருக்கு. இந்தச் சுவர் ஃபிரேம்ல வரணும். கேமராவ மாத்திக்கலாம். அடுத்த சீசனும் நீங்கதான்."

எல்லப்பன் என் பக்கம் திரும்பவே இல்லை. மறந்தானா, தெரிந்தே செய்தானா என்று ஜவளகிரி சாலைவரை யோசித்துக்கொண்டே நடந்தேன்.

3.30. தளிக்கு ஆட்டோ. பயணி நான் மட்டும். ஓட்டுநர் போனில் தெலுங்கை முடித்துவிட்டு என்னிடம் தமிழுக்கு வந்தார். "சார் சினிமாவுல யாருங்க?"

"அந்த ஆபீஸைக் கட்டினது நான்தான்" என்றேன். வாய் கூசவில்லை.

"அய்யோ சார்! போன வாரம் நெஜ ஆபீஸுன்னு நெனச்சு வருமானச் சான்றுக்கு மனு எடுத்துட்டு உள்ள போயிட்டனுங்க. ஒருத்தர்கூட சிரிக்கல. உக்கார வெச்சு டீ குடுத்து, இது சினிமாவுக்குங்கன்னு பதமா சொல்லி அனுப்பிச்சாங்க. நெஜ ஆபீஸுல மூணு நாளா நிக்கறேன். உக்காருன்னு சொல்ல ஆளில்ல." சிறிது தூரம் போனபின் கேட்டார்: "ஷூட்டிங் முடிஞ்சா பிரிச்சுடுவீங்களா?"

"ஆமாம்."

"இத விட்டுட்டு நெஜ ஆபீஸப் பிரிங்க சார்."

தளியில் இறங்கி முப்பது ரூபாயை நீட்டினேன். அப்படி ஒரு ஆபீஸைக் கட்டியவரிடம் வாங்க மாட்டேன் என்றார். நான் வற்புறுத்தவில்லை.