மாட்டுக் கொட்டாயில் ஒரு ஸ்டீயரிங்

பழைய கார் தேடுகிறவனை யாரும் நம்ப மாட்டார்கள். அதில் தப்பே இல்லை, நானும் யாரையும் நம்புவதில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்காவில் செய்த கார்கள் என்றால் எனக்குப் பைத்தியம். அதிலும் ஒரே ஒரு கம்பெனியின் கார்கள்தான். அந்தக் கம்பெனியை இழுத்து மூடி எத்தனையோ காலமாகிவிட்டது. சேலம் அம்மாபேட்டையில் நூல் வியாபாரம் செய்துகொண்டு, இல்லாத கம்பெனியின் காரைத் தேடி அலைகிறவனை என் வீட்டிலேயே ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள்.

எனக்குத் துப்புச் சொல்கிறவர்கள் திருச்செங்கோட்டு ரிக் லாரிக்காரர்கள். ஆழ்குழாய்க் கிணறு போடத் தோட்டம் தோட்டமாகப் போகிறவர்கள் என்பதால், யார் வீட்டில் எது துருப்பிடித்துக் கிடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் பாதித் துப்பு புளுகு. அமெரிக்கக் கார் என்று நம்பி வேகாத வெயிலில் போனால் உடைந்த டிரெய்லர் நிற்கும். சொன்னவன் அன்றைக்குப் போனை எடுக்க மாட்டான்.

மல்லசமுத்திரத்துப் பக்கம் கிடைத்த துப்பு மட்டும் நிஜம். மாட்டுக் கொட்டாயில், சோளத்தட்டுக்குப் பின்னால், உருண்டை முகத்தோடு அந்தக் கார் நின்றது. பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். தந்த நிறத்தில் பெரிய ஸ்டீயரிங், நடுவே கம்பெனிச் சின்னம் பதித்த ஹாரன் பொத்தான், எல்லாம் அப்படியே இருந்தன. மற்ற சாமான்களைப் பட்டறையில் செய்துகொள்ளலாம். இந்த ஸ்டீயரிங்கை எங்கே போய்த் தேடுவது? சந்தோஷத்தை முகத்தில் காட்டவில்லை. ஆசை தெரிந்தால் தொலைந்தோம்.

தோட்டத்துக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏனுங்க, இதுக்குள்ள இரிடியம் கிரிடியம் இருக்குதுன்னு எவனாச்சும் சொன்னானுங்ளா?”

“அதெல்லாம் இல்லீங்க. சரி பண்ணி ஓட்டத்தான்.”

“ஓடற கார உட்டுப்போட்டு ஓடாத கார ஓட்டறதுக்கு வந்தீங்ளாக்கும்!”

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இரிடியம் என்று சொல்லிக் கோயில் கலசத்தையே கழற்றப் பார்க்கிற காலம் இது. நான் டிக்கியைத் திறக்கப் போனபோது என்னை நிறுத்திவிட்டு, அவரே முதலில் திறந்து துழாவிப் பார்த்துக்கொண்டார். நான் மட்டும் என்னவாம்? சென்னைக்காரன் எவனிடமோ ஏற்கெனவே பேசி வைத்துவிட்டு என்னிடம் நடிக்கிறாரோ என்றுதான் எனக்கு ஓடியது. பல தடவை நடந்த பிறகு, “செரி, கொண்டுட்டுப் போங்க” என்றார்.

லாரியில் காரை ஏற்றி முடித்ததும், காப்பி குடிக்காமல் போகக்கூடாது என்று என்னையும் டிரைவரையும் வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். “இதா வாரனுங்க” என்று தோட்டத்துக்காரர் மட்டும் வெளியே போனார். நாங்கள் வந்து பார்க்கும்போது லாரிமேல் தார்ப்பாயே கட்டியாகிவிட்டது. நல்ல மனுசன் என்று நினைத்துக்கொண்டேன். அம்மாபேட்டைக்கு வந்து தார்ப்பாயை அவிழ்த்தால் ஸ்டீயரிங் இல்லை.

டிரைவரைப் பிடித்து உலுக்கினேன். அவன் சாமிமேல் சத்தியம் செய்தான். கடைசியில் தோட்டத்துக்காரருக்கே போன் போட்டேன்.

“ஆமாங்க, நாந்தேன் கழட்டி வெச்சிருக்கறனுங்க. அதுக்கென்னங்க?”

மறுநாளே போய் நின்றேன். கொட்டாய்ச் சுவரில், விற்ற மாடுகளின் கயிறுகள் வரிசையாகத் தொங்கின. அவற்றோடு, மஞ்சள் குங்குமம் வைத்து, என் ஸ்டீயரிங்.

“மாட்ட வித்தா கயித்தயும் சேத்திக் குடுப்பாங்களா? ஊட்டு லச்சுமி அதுகூடவே போயிருமுங்க. வாங்கறவிய புதுக்கயிறு கொண்டாந்து கட்டிக் கூட்டீட்டுப் போவோணும்” என்றார்.

அவர் மனைவிக்கும் சொல்ல இருந்தது. “நீங்க வெறுங்கையோட வந்தப்பவே எனக்குச் சந்தேகந்தானுங்க. கயிறில்லாம மாடு புடிக்க வாரவன் களவாணியாத்தான் இருப்பான்னேன்.”

எங்கள் வீட்டில் தறி உண்டு, மாடு கிடையாது. இந்த வழக்கமெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? விலையேற்றச் சொல்லும் கதையோ என்று ரிக் லாரிக்காரர் ஒருவரிடம் விசாரித்தேன். “நான் வித்த லாரிக்கே தார்ப்பாய்க் கயித்த எடுத்து வெச்சிருக்கறன்” என்று சிரித்தார். அப்போதும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. ஸ்டீயரிங்கைக் கேட்டுப் போன் செய்யும்போதெல்லாம் தோட்டத்துக்காரர் “பாக்கலாமுங்க” என்பார். பார்க்கவே இல்லை. கோபத்தில் போன் செய்வதை விட்டேன்.

வேலை நடந்தது. எஞ்சினைப் பிரித்துப் பிஸ்டன் ரிங் மாற்றினோம். சப்பையான தகட்டைத் தட்டி எடுத்தோம். திருச்செங்கோட்டு லேத்தில் ஒரு புஷ் கடைந்து பழைய ஜீப்பின் ஸ்டீயரிங்கை மாட்டினோம். பட்டுப்புடவை கட்டி ரப்பர் செருப்புப் போட்ட மாதிரி இருந்தது. ஆனாலும் கார் ஓடியது. முதல் தடவை எஞ்சின் பிடித்தபோது நான் அழுதேவிட்டேன்.

கார் ஓடுகிற சேதியை ரிக் லாரிக்காரர்தான் கொண்டுபோய்ச் சேர்த்திருக்க வேண்டும். ஒரு காலையில் தோட்டத்துக்காரரும் மனைவியும் சொல்லாமல் கொள்ளாமல் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அவர் கையில் பழைய வேட்டியில் கட்டிய மூட்டை. எதைக் கேட்க வந்திருக்கிறார், மூட்டையில் என்ன, காரைத் திருப்பிக் கேட்பாரோ என்று என் புத்தி ஓடியது.

அவர் காரைச் சுற்றி வந்தார். மனைவி பானெட்டைத் தடவிப் பார்த்து, “நம்முளுதா இது!” என்றார்.

“ஒருக்கா உள்ள உக்காந்து பாக்கலாமுங்ளா?” என்று அவர் கேட்டார்.

“தாராளமா உட்காருங்க” என்று வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் கை உள்ளே போய்ச் சாவியை உருவிக்கொண்டது. யோசித்துச் செய்யவில்லை. அது என் பிறவிக் குணம்.

மூட்டையைக் கீழே வைத்துவிட்டு அவர் உள்ளே உட்கார்ந்தார். சாவித் துவாரத்தைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார்.

“எனக்குக் கார் ஓட்டத் தெரியாதுங்க” என்றார்.

அவர் இறங்கி, கதவை மெதுவாகச் சாத்தினார். மூட்டையை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

“ஏனுங்க, அதக் குடுக்கலீங்ளா?” என்று மனைவி கேட்டார்.

“வேண்டாம். வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

அவர் திரும்பும்போது வேட்டி ஒரு பக்கம் விலகி, தந்த நிற வளைவு கொஞ்சம் தெரிந்தது. மஞ்சளைச் சுத்தமாகத் துடைத்திருந்தார்கள்.