ரேடியோ டீச்சரும் ஒரு வாளித் தண்ணீரும்

ஏழாம் வகுப்பு அறிவியல் ஆசிரியைக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் ரேடியோ. மணியடித்ததும் பேச ஆரம்பித்தால் அடுத்த மணிக்குத்தான் நிறுத்துவார். நடுவில் எங்கே மூச்சு விடுகிறார் என்று கண்டுபிடிக்கக் கடைசி பெஞ்சில் பந்தயமே நடக்கும். அந்தப் பெயர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

புதிய தலைமையாசிரியை வந்ததும் அந்த வாய்க்குப் பூட்டு விழுந்தது. பெஞ்சுகளை வட்டமாகத் திருப்பிப் போட வைத்தவர், ஆசிரியர்கள் கூட்டத்தில் நிதானமாகச் சொன்னார்: "இனிமே நாம குறைச்சுப் பேசுவோம். கேள்வி பிள்ளைங்ககிட்டேருந்து வரட்டும். பதிலையும் அவங்களே தேடட்டும்."

"அப்ப நான் அங்க நின்னு என்ன மேடம் பண்றது?" என்றார் ரேடியோ.

"காது குடுத்துக் கேளுங்க டீச்சர். அதுவும் வேலைதான்."

மறுநாள் வாயைக் கட்டிப்போட ஒரு பெப்பர்மின்ட்டை அடக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனார். பிள்ளைகள் இலையைப் பிய்த்துப் பார்ப்பதற்குள், மிட்டாயைக் கடித்து விழுங்கிவிட்டு ஒளிச்சேர்க்கையை ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்துவிட்டார். பிறகு ஒருவாறு பழகிக்கொண்டார். ஆனால் பள்ளியில் அடக்கிய பேச்சு எங்கே போகும்? வீட்டில் அவர் கணவர் தலையில் இறங்கியது. அவர் பஸ் கண்டக்டர். நாள் முழுக்க இரைச்சலில் நின்றுவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தால், கவளத்துக்குக் கவளம் ஜீரண மண்டலம் நடந்தது.

"நான் வேணா உங்க ஹெச்.எம்.கிட்ட வந்து பேசட்டுமா?" என்றார் அந்த மனிதர் பாவமாக. "பள்ளிக்கூடத்துலயே உன்னைப் பேச விடச் சொல்லி?"

அந்த வாரம்தான் மிதப்பது, மூழ்குவது பற்றிய பாடம் வந்தது. கனமானது மூழ்கும், லேசானது மிதக்கும் என்று வருடக்கணக்காக ஒரே வரியில் முடித்துவந்தவர், இம்முறை நடுவில் ஒரு வாளித் தண்ணீரை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். ரப்பர், சாவி, பென்சில், யாரோ ஒருவனின் செருப்பு எல்லாம் உள்ளே போயின. வருகைப் பதிவுக்கு மட்டுமே வாய் திறக்கும் ஒரு சிறுமி தன் பையிலிருந்த ஆரஞ்சைப் போட்டாள். மிதந்தது. எடுத்துத் தோலை உரித்துவிட்டு மறுபடி போட்டாள். பழம் நேரே அடிக்குப் போய்விட்டது.

"மிஸ், தோலை எடுத்தா வெயிட்டு குறையத்தானே செய்யும்? பின்ன ஏன் முங்குது?"

ரேடியோ வாயைத் திறந்தார். அவருடைய ஒற்றை வரி, பழத்தோடு சேர்ந்து வாளியின் அடியில் கிடந்தது.

"தெரியலையே," என்றார். சொன்ன பிறகு, ஏனோ செருப்பைக் கழற்றிப்போட்டதுபோல் லேசாக இருந்தது. தானும் வாளியருகே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். தண்ணீருக்குப் பழம் பிடித்துப்போய் இழுத்துக்கொண்டது என்றான் ஒருவன். அந்தச் சிறுமி தோலைத் தண்ணீருக்குள் பிழிந்தாள். குமிழிகள் வந்தன.

"தோலுக்குள்ள காத்து ஒளிஞ்சிருக்கு மிஸ். பழம் அது மேல சவாரி பண்ணிருக்கு."

எல்லோரும் ஒரே நேரத்தில் எட்டிப் பார்த்ததில் வாளி கவிழ்ந்தது. "இது வகுப்பா, சந்தையா?" என்று அடுத்த அறையிலிருந்து கணக்கு வாத்தியார் வந்தார். கொஞ்ச நேரத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எலுமிச்சை கிடைக்குமா என்று அவரே கேட்டுக்கொண்டிருந்தார்.

எல்லா நாளும் அப்படி அமையவில்லை. சில நாள் வட்டம் வெறும் அரட்டையாகவே கலைந்தது. ஒருநாள் அந்தச் சிறுமியின் அப்பா கோபமாக வந்து நின்றார்.

"நோட்டுல ஒரு வரிகூட இல்லையே டீச்சர், என்னத்தைச் சொல்லிக் குடுக்கறீங்க?"

"உங்க பொண்ணுகிட்டயே கேளுங்களேன்."

கேட்டார். அவ்வளவுதான், மகள் பிடித்துக்கொண்டாள். தோல், காற்று, கப்பல், கிணற்றில் விழுந்த குடம் என்று அவள் அடுக்க, மனிதர் வராந்தாவில் சாய இடம் தேடினார். அவள் சொன்னதில் ஒரு சின்னத் தவறு இருந்தது. ரேடியோவுக்கு நாக்கு நமநமவென்றது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று, அன்றும் வாளி கவிழ்ந்து நனைந்திருந்த வகுப்புத் தரையைத் துடைக்கத் துணி தேடிப் போனார்.