ஏணியின் சிரிப்பு

ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் லிஃப்ட் கதவு திறந்ததுமே கணவரின் அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. வேறொரு மனைவிக்கு அது நல்ல சேதியாக இருந்திருக்கும். இவளுக்கு இல்லை. துவைத்த துணிகள் இருந்த பையை இடுக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

அறைக்குள் இரண்டு நர்சுகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கட்டிலின் கால்மாட்டுப் பலகையைக் கழற்றிவிட்டு, ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன் மேல் அவர் பாதங்களை நீட்டி வைத்திருந்தார்கள். அவ்வளவு நீளம் மனிதர். வலது முட்டியில் செயற்கை மூட்டு வைத்திருந்தார்கள். ஆபரேஷன் பிரமாதம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

"பல்பு மாத்தணும்னா சொல்லுங்க சிஸ்டர். படுத்தபடியே மாத்தித் தர்றேன்" என்றார் அவர்.

கூடைப்பந்து ஆடிய காலத்தில் அவருக்கு ஏணி என்றுதான் பெயர். சம்பளத்துக்கு ஆடியவர், ஆனால் பந்தைக் கூடையில் போடுவது அவர் வேலையில்லை. தன் அணிக்காரன் பந்தோடு ஓடும்போது, துரத்தி வருகிறவனின் வழியில் குறுக்கே போய் நிற்க வேண்டும். வருகிறவன் முழு வேகத்தில் வந்து மோதுவான். அசைந்தால் தப்பாட்டம், அதனால் நின்றபடியே வாங்கிக்கொள்ள வேண்டும். இடி இவருக்கு, புள்ளி இன்னொருவனுக்கு. மறுநாள் பேப்பரில் படமும் அந்த மகராசனுக்கே. சில படங்களின் ஓரத்தில் இவருடைய முழங்கை தெரியும். அதையும் கத்தரித்து வைத்துக்கொண்ட பைத்தியக்காரி இவள் ஒருத்திதான்.

ஆட வந்த புதிதில் ஒருமுறை அணியின் டாக்டர் முட்டியை அழுத்தி, "வலிக்குதா?" என்று கேட்டிருக்கிறார். விவரம் தெரியாத வயசு. "ஆமா" என்று உள்ளதைச் சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்கு அந்த சீசன் முழுக்க ஆட்டமில்லை, ஓரத்துப் பெஞ்சுதான். அவர் இடத்தில் இறங்கியவன் தேசிய அணிவரை போய்விட்டான். இவர் கடைசிவரை போகவே இல்லை. அதை நினைத்தால் இவளுக்கு இன்றைக்கும் வயிறெரியும்.

அன்றிலிருந்து அந்தக் கேள்வி வந்தால் ஒரு ஜோக்கடிப்பார். எவ்வளவுக்கு வலிக்கிறதோ அவ்வளவுக்கு ஜோக் நன்றாயிருக்கும். டாக்டரும் சிரித்துவிட்டு, ஆடலாம் என்று சொல்லிவிடுவார். இவரும் ஒரு ஊசியைப் போட்டு மரத்துப்போக வைத்து, பட்டையை இறுக்கிச் சுற்றிக்கொண்டு இறங்கிவிடுவார்.

கல்யாணமான புதிதில் அவர் இவளிடம் வாங்கிய ஒரே சத்தியம், "என்னைக் காட்டிக்கொடுத்துடாத" என்பதுதான். பயிற்சியாளர் வேவு பார்ப்பதற்கென்றே வீட்டுக்குப் போன் பண்ணுவார்.

"ஏம்மா தங்கச்சி, வீட்டுல நொண்டுறானா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லண்ணே. ஜம்முனு நடக்கிறாரு."

அந்த ஜம்மென்று நடக்கிறவர் அப்போது குளியலறைக்குத் தரையில் தவழ்ந்து போய்க்கொண்டிருப்பார். போனை வைத்துவிட்டுப் போய்த் தூக்கிவிடுவாள். ஆடும் காலம் முடிந்து, விளையாட்டுச் சாமான் கிடங்கில் வேலை பார்த்து, அதிலும் ஓய்வு பெற்றாகிவிட்டது. சத்தியத்தை மட்டும் அவள் மீறியதில்லை.

இப்போது போர்வையை விலக்கி வலது கெண்டைக்காலைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது. இடது காலைவிடப் பருத்தும் இருந்தது. நிமிர்ந்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தரையில் தவழ்ந்த நாளில் பார்த்த அதே பார்வை.

அந்த நேரம் பார்த்து ஆபரேஷன் செய்த டாக்டர் உள்ளே வந்தார். நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்ற முடிவோடு வந்தவர், ஒப்புக்குக் கேட்டார்.

"வலி எப்படி இருக்கு சார்? பத்துக்கு எத்தனை?"

"பூஜ்யம் டாக்டர். ஆடின ஆட்டத்துல எல்லாம் நான் எடுத்த புள்ளி அதுதான்."

டாக்டரே விழுந்து விழுந்து சிரித்தார். இவ்வளவு நல்ல ஜோக்கை அவள் இதற்கு முன் ஒரே ஒருமுறைதான் கேட்டிருக்கிறாள். அன்றைக்கு அவருக்கு எலும்பு முறிந்திருந்தது. இப்போது வாயைத் திறந்தால் இத்தனை காலம் கட்டிக்காத்தது போயிற்று. திறக்காவிட்டால் ஆளே போய்விடுவார்.

"டாக்டர், இவரு பொய் சொல்றாரு."

சிரிப்பு சட்டென்று நின்றது.

"ஏய், சும்மா இரு" என்றார் அவர்.

"வலி அவருக்குத்தானேம்மா தெரியும்?" என்றார் டாக்டர்.

"இவரு தமாஷ் பண்ணினாலே வலிக்குதுன்னு அர்த்தம். அந்தக் காலத்துல டாக்டருங்கள ஏமாத்தினாரு, நானும் கூட நின்னேன். இனிமே என்னால முடியாது. காலைத் தொட்டுப் பாருங்க."

டாக்டர் குனிந்து கெண்டைக்காலை அழுத்தினார். படுத்திருந்தவர் கூரையைப் பார்த்தார். உதடு பிரிந்தது. அடுத்த ஜோக் வரப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவர் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள்.

"போதுங்க. இங்க பெஞ்சு கிடையாது. உங்க இடத்துக்கு ஒருத்தனும் வரமாட்டான்."

அவ்வளவு பெரிய உடம்பு அந்தக் கைக்குக் கீழே குலுங்கியது. அவள் கையை எடுத்தாள்.

"வலிக்குது" என்றார். பிறகு மெதுவாக, "ரொம்ப வலிக்குது டாக்டர்" என்றார்.

கால் ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. அதில் ஒரு துணுக்கு நுரையீரலுக்கு ஏறியிருந்தால், வீட்டு வாசல்படி தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும் என்று டாக்டர் பின்னால் சொன்னார். அந்த அறையில் தானும் சிரித்ததற்காக டாக்டரின் முகம் கன்றிப்போயிருந்தது. ஊசி, மருந்து என்று மேலும் சில நாட்கள் அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் லிஃப்ட் கதவு திறந்தபோது சிரிப்பு இல்லை. அவள் மூச்சு விட்டாள். அன்றைக்குத்தான் அந்தத் தாழ்வாரத்தில் நிதானமாக நடந்தாள்.

எதிரே வந்த நர்ஸ் அலுத்துக்கொண்டாள். "என்னம்மா ஐயா இப்படி மாறிட்டாரு? காலையிலேர்ந்து ஒரே புலம்பல்."

"புலம்பட்டும்" என்றாள் இவள். கண் நிறைந்துவிட்டது.

உள்ளே போய் நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்த அகலமான கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

"எங்கெங்க வலிக்குதுன்னு சொல்லுங்க. கேக்குறேன்."

அவர் தன் முட்டியைப் பார்த்தார்.

"எந்த சீசன்லேர்ந்து ஆரம்பிக்க?" என்றார். அவர் சிரிக்கவில்லை.