பாக்கியமேரியின் இரண்டாவது பரீட்சை

என் தங்கை பாக்கியமேரி 1981 ஜூலை பதினாறாம் தேதி, வியாழக்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு வேலூர் பஸ்ஸில் ஆரணிக்கு வந்து இறங்கினாள். கன்னியாஸ்திரி உடுப்பில் அவளைப் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கையில் இரண்டு பெட்டி. பெரிய பெட்டியை என்னிடம் கொடுத்தாள். சின்னதைக் கொடுக்கவில்லை. "அத்த நானே தூக்கிக்கறேண்ணா" என்றாள். அதற்குள் ஒரு டேப் ரெக்கார்டரும் நான்கு நோட்டும் ஒரே ஒரு கேசட்டும் இருந்தன.

எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முழுதாக முடித்தவள் அவள் ஒருத்திதான். நான் ஆறாவதோடு தறிக்குழியில் இறங்கியவன். மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்கு மூன்று வருடம் தொடர்ந்து முதல் பரிசு அவளுக்குத்தான். பரிசாக வந்த மூன்று பேனாவும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. பத்தொன்பது வயதில் மடத்தில் சேர்ந்தாள். இருபத்தாறாவது வயதில் மடத்தார் அவளைத் தாய்லாந்துக்கு, பாங்காக் ஊரில் கால்வாய்க் கரையில் இருக்கும் அவர்கள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். இரண்டாம் வகுப்பில் நாற்பத்தொரு பிள்ளைகள். ஜெபமாலை உருட்டுகிற மாதிரி அந்த நாற்பத்தொரு பெயரையும் வரிசை மாறாமல் சொல்லுவாள்.

ஆனால் அங்கே தொடர்ந்து பாடம் நடத்த வேண்டுமென்றால் வெளிநாட்டார் அந்த மொழியில் ஒரு பரீட்சை எழுதித் தேற வேண்டும். அவர்கள் ஊர்ப் பிள்ளை ஆரம்பப் பள்ளி முடிக்கிற அளவுக்கு வாசிக்கவும், கடிதம் எழுதவும், சொல்வதைக் கேட்டு எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவைதான் நடக்கும். எண்பது டிசம்பரில் எழுதினாள். வாசிப்பில் தேறினாள், கடிதத்தில் தேறினாள், சொல்வதை எழுதுவதில் போய்விட்டது. இரண்டாம் தடவையும் போனால் வேலூர் மடத்துக்கே திரும்பிவிட வேண்டியதுதான் என்று மடத்துத் தலைவி சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனதால் ஆறு வாரம் விடுப்பு கிடைத்திருந்தது.

எங்கள் அம்மா சகாயம்மாள் இரண்டு கண்ணுக்கும் பச்சைத் துணி மறைப்புக் கட்டிக்கொண்டு, தறிக்கூடத்தின் மூலையில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நூல் சுற்றக்கூடாது, குனியக்கூடாது என்று டாக்டர் உத்தரவு. மகளின் முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள்.

"இளைச்சிட்ட. அங்க சோறு போடறாங்களா, இல்ல புல்லு போடறாங்களா?"

"நல்லா சாப்பிட்டுகினுதாம்மா இருக்கேன்."

"பெயிலாயிட்டியாமே."

"ஆமாம்மா."

"அதுவும் நல்லதுக்குத்தான். வேலூர்ல புள்ளைங்களே இல்லையா? காலைல பஸ் ஏறினா மத்தியானம் உன்னப் பாத்துட்டு வந்துடுவேன்."

பாக்கியமேரி பெட்டியைத் திறந்து டேப் ரெக்கார்டரை எடுத்து இரண்டு தறிகளுக்கும் நடுவில் இருந்த பலகையில் வைத்தாள்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளோடு வேலை செய்யும் சோம்ஸ்ரீ என்ற டீச்சர், பன்னிரண்டு பாடங்களைப் பேசிப் பதிவு செய்து கொடுத்திருந்தாராம். ஒவ்வொன்றும் ஏழெட்டு வரி. மெல்லிய குரல். நான்காம் பாடத்தில் ஒரு இருமல், ஒன்பதாம் பாடத்தின் பின்னால் ஏதோ பறவை. ஒரே சொல்லை மேலே தூக்கிச் சொன்னால் ஒரு பொருள், கீழே இறக்கிச் சொன்னால் வேறு பொருள் என்று பாக்கியமேரி விளக்கினாள். பட்டுக்கு அவர்கள் 'மை' என்கிறார்களாம். அதையே கொஞ்சம் மாற்றி இழுத்தால் மரக்கட்டை என்று ஆகிவிடுமாம்.

பக்கத்துத் தறியில் லோகநாதன். என் வயதுதான், பன்னிரண்டு வருடமாக எங்கள் வீட்டில் நெய்கிறவன்.

"அப்போ நான் அந்தூருக்குப் போயி பட்டுப்பொடவ நெய்யறேன்னு சொன்னா, கட்டப்பொடவ நெய்யறவன்னு தொரத்துவானுங்களா சிஸ்டரம்மா?"

"நீ இங்க நெய்யறதே அப்படித்தான் இருக்குது" என்றாள் அம்மா மூலையிலிருந்து.

அன்றிலிருந்து காலை ஏழு மணிக்குத் தறி ஓடத் தொடங்கினால் கேசட்டும் ஓடும். வெளியே ஆடி மாதத்து மேகம், வீட்டுக்குள் ஈர வெளிச்சம். காலில் மிதி, கையில் ஊடை நூல் ஓட்டும் நாடா, கண் இழையில். காதுக்கு மட்டும் வேலை இல்லை. அந்தச் சும்மா இருந்த காதில் சோம்ஸ்ரீயின் குரல் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு சொல்லும் புரியாது. புரியாததனாலேயே நான் எங்கெங்கோ போய்விடுவேன். ஆறாம் பாடம் வரும்போதெல்லாம் சாயங்கால ஆறு ஒன்று தெரியும். தட்டையான படகில் ஒரு பெண்பிள்ளை தாமரை மொட்டுகளை அடுக்கிக்கொண்டு போவாள், தண்ணீர் செம்பு நிறத்தில் இருக்கும். புடவையின் உடலில் நான் போடும் ஒவ்வொரு ஊடையும் அந்தத் தண்ணீரில் விழுகிற துடுப்பு மாதிரி இருக்கும். மூன்று வாரம் அந்தப் படகிலேயே நெய்தேன். பிறகுதான் பாக்கியமேரி சொன்னாள், ஆறாம் பாடம் பல் வலிக்கு டாக்டரிடம் போனதைப் பற்றியதாம். அதற்கப்புறமும் எனக்குப் படகுதான் தெரிந்தது.

ஆகஸ்ட் எட்டாம் தேதி, சனிக்கிழமை, டேப் அறுந்தது. தறிக்கூடத்துக் காற்றில் எப்போதும் பட்டுப் பிசிறு பறக்கும். அது உள்ளே போய்ச் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு டேப்பை இழுத்துவிட்டது. பாக்கியமேரி கோயிலுக்குப் போயிருந்தாள்.

"தொடாதே பெரியநாயகம், சிஸ்டரம்மா வரட்டும்" என்றான் லோகநாதன்.

நான் கேட்கவில்லை. அறுந்த இழையைச் சேர்ப்பது எனக்குப் புதிதா? விரலில் சாம்பல் தொட்டு, இரண்டு முனையையும் ஒன்றாக வைத்து ஒரு முறுக்கு. எத்தனையோ ஆயிரம் தடவை செய்திருக்கிறேன். சேர்த்த இடத்தை நானே மறுபடி தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. அதே போல டேப்பின் இரண்டு முனைகளையும் சாம்பல் தொட்டு முறுக்கினேன். நிற்கவில்லை. ஒரு சொட்டுக் கோந்து வைத்து முறுக்கினேன். நின்றது. பென்சிலை நுழைத்துச் சுற்றி உள்ளே இழுத்து, பட்டனை அழுத்தினேன். சோம்ஸ்ரீ நாலு சொல் பேசினார். முறுக்கிய இடம் வந்ததும் இயந்திரம் அதைக் கடித்துக்கொண்டது. நான் நிறுத்துவதற்குள் கேசட்டில் இருந்ததில் பெரும்பாதியை உள்ளே வாங்கிக் கசக்கிவிட்டது. வெளியே எடுத்தபோது வாழைநார் மாதிரி இருந்தது.

பாக்கியமேரி வந்து பார்த்தாள். கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கசங்கிய டேப்பை மடியில் வைத்து நீவிக்கொண்டே, "சாம்பலாண்ணா?" என்று மட்டும் கேட்டாள். ஆரணி முழுக்கத் தேடினாலும் அந்த மொழி பேசுகிறவர் ஒருவர் கிடையாது. நோட்டில் பாடம் இருந்தது. ஆனால் தானே வாசித்துத் தானே எழுதினால் அது கேட்டு எழுதுவது ஆகாது.

திங்கட்கிழமை காலை. நோட்டை மூடி வைத்துவிட்டு அம்மாவின் கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டிருந்தாள். தறி ஓடிக்கொண்டிருந்தது. லோகநாதன் தன்னை அறியாமல் முணுமுணுத்தான்.

"மே பை தலாத்..."

பாக்கியமேரி திரும்பினாள். "இன்னா சொன்ன?"

லோகநாதன் தறியை நிறுத்தினான். "நான் ஒண்ணும் சொல்லலியே."

"முதல் பாடம். அம்மா சந்தைக்குப் போறாங்க. இன்னொரு தரம் சொல்லு."

வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. முகமெல்லாம் வியர்த்தது. "வரலியே சிஸ்டரம்மா. பேஜாரா போச்சு."

"தறிய மிதிச்சிப் பாரு" என்றேன்.

மிதித்தான். நாடா போயிற்று, வந்தது. மூன்றாவது ஓட்டத்தில் "மே பை தலாத்" என்று தொடங்கி ஏழு வரியும் நிற்காமல் வந்தது. சோம்ஸ்ரீ எங்கே ஏற்றினாரோ அங்கே ஏற்றி, எங்கே இறக்கினாரோ அங்கே இறக்கி. பாக்கியமேரி தரையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தாள். நானும் முயன்றேன். எனக்கு ஐந்து பாடங்கள் வந்தன. லோகநாதனுக்கு வேறு ஆறு. நடுவில் நிறுத்தினால் பாவு நூலின் தொடக்கத்துக்குப் போகிற மாதிரி முதல் வரிக்கே போக வேண்டும். தறி நின்றால் வாயும் நின்றுவிடும். அந்தத் தடதடப்புக்கு நடுவில்தான் அவள் காதைத் தீட்டிக்கொண்டு எழுத வேண்டியிருந்தது. சொல் தப்பினாலும் ராகம் தப்பாது என்பாள். முன்பு ராகம்தான் அவளுக்குப் பிடிபடாமல் இருந்தது.

நான்காம் பாடம் மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் வரவில்லை. அதுதான் மிகக் கடினம், போன பரீட்சையில் அது போல ஒன்றில்தான் விழுந்தேன் என்றாள். நான் இரண்டு வரி சொல்லுவேன், லோகநாதன் கடைசி வரி சொல்லுவான், நடுவில் வெறும் தறிச் சத்தம்.

ஒரு வாரம் அப்படியே போயிற்று. ஒரு மத்தியானம் நாங்கள் சாப்பாட்டுக்குத் தறியை நிறுத்தியிருந்த நேரம், பாக்கியமேரி கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா, உனக்குத் தெரியும்தானே?"

"இன்னாடி தெரியும்?"

"நாலாம் பாடம். நாளெல்லாம் கண்ணக் கட்டிகினு நீதான் கேட்டுகினு இருந்த. நேத்து தூக்கத்துல சொன்ன. இருமலோட சொன்ன."

அம்மா அவள் பக்கம் முகத்தைத் திருப்பினாள். பச்சைத் துணிக்குக் கீழே வாய் மட்டும்தான் தெரிந்தது.

"தெரியும். பன்னெண்டும் தெரியும். சொன்னா நீ பாஸாயிடுவ."

லோகநாதன் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டான். பாக்கியமேரி கெஞ்சவில்லை. அம்மாவின் முழங்காலில் கை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். ஓட்டுச் சந்தில் விழுந்த வெயில் ஒரு தூணிலிருந்து நகர்ந்து பாவின் மேல் வந்தது. இழைகள் எல்லாம் தண்ணீர் மாதிரி அசைந்தன. அம்மா அவள் கை மேல் தன் கையை வைத்தாள்.

"பெரியநாயகம்."

"இன்னாம்மா?"

"தறிய மிதி."

சோற்றுக் கையைக் கழுவிக்கொண்டு குழியில் இறங்கி மிதித்தேன். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டு நான்காம் பாடத்தை முதலிலிருந்து கடைசி வரைக்கும் சொன்னாள், இருமலையும் அதே இடத்தில் இருமினாள். அது அம்மாவின் குரலாகவே இல்லை. யாரோ ஒரு மெல்லிய பெண் தொலைவில் ஒரு கால்வாய்க் கரையில் நின்று பேசுகிறது போல இருந்தது. பாக்கியமேரி எழுதி முடித்து நோட்டோடு ஒத்துப் பார்த்தாள். இரண்டே தப்பு. அந்த இரண்டையும் அம்மா மறுநாள் திருத்தினாள். ஆகஸ்ட் இருபத்தேழாம் தேதி அவள் புறப்படுகிற வரைக்கும் தினமும் பன்னிரண்டு பாடமும் நடந்தது.

டிசம்பரில் பரீட்சை எழுதிவிட்டுக் கடிதம் போட்டிருந்தாள். பெரிய மண்டபமாம். சாலையில் லாரிச் சத்தம், மேலே காற்றாடிச் சத்தம், ஒலிபெருக்கியில் கரகரப்பு. சுற்றி இருந்தவர்கள் கேட்கவில்லை, கேட்கவில்லை என்று புகார் செய்தார்களாம். தனக்கு வீட்டில் இருந்தது போல இருந்தது என்று எழுதியிருந்தாள்.

எண்பத்திரண்டு பிப்ரவரி எட்டாம் தேதி, திங்கட்கிழமை, தபால்காரர் துரைக்கண்ணு அடுத்த கடிதத்தைக் கொண்டு வந்தார். அம்மா இப்போது தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு நூல் சுற்ற ஆரம்பித்திருந்தாள். பாக்கியமேரி முதல் பக்கம் முழுக்க எல்லோரையும் விசாரித்திருந்தாள். நான் வரி வரியாக விரல் வைத்துக்கொண்டு போனேன்.

"இன்னாவாம்?" என்றாள் அம்மா.

"பாஸ் ஆயிட்டாம்மா. கேட்டு எழுதறதுல நூத்துக்குத் தொண்ணூத்தி ரெண்டு."

"அப்போ அங்கியேதான் இருப்பா."

"ஆமாம்மா. ஆறு வருஷத்துக்கு ஒரு தரம்தான் லீவாம்."

அம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். நெடுநேரம் துடைத்தாள். பிறகு லோகநாதனைக் கூப்பிட்டாள்.

"டேய் லோகு, போயி அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கியா."

"பாஸானது நாலு பேரு. ஒரு கிலோவா வாங்கிடட்டுமா?"

"ஒரு கிலோவே வாங்கு. தெரு பூரா குடு. ஜல்தி போ." அவன் செருப்பை மாட்டும்போது மறுபடியும் கூப்பிட்டாள். "பாக்கியம் எப்போ வருவான்னு யாராச்சும் கேட்டா, நீ ஒண்ணும் சொல்லாதே. எங்கிட்ட அனுப்பு. நான் சொல்லிக்கறேன்."