பூசை கண்ட நிலை

அம்பிட்டியில் நான் வாடகைக்கு எடுத்திருக்கும் காணியில் கதவு, ஜன்னல், ஓடு, கைகழுவும் தொட்டி என்று கண்டியில் இடிபடும் வீடுகளின் மிச்சமெல்லாம் கிடக்கும். இடிப்பவர்களுக்கு எப்போதும் அவசரம். எல்லாவற்றையும் ஒன்றாக டிப்பரில் தள்ளிக் குப்பைமேட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்கு முன் போய் நின்று, கெஞ்சி, கழற்றி எடுத்துவந்து விற்பதுதான் என் தொழில்.

அப்பா நகர சபைக் குப்பை லொறியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். தொழில் தொடங்கிய அன்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"குப்பையத் தொடக்கூடாதுன்னுதான் ஒன்னயப் படிக்க வச்சேன். நீ டிப்பர மறிச்சு வாங்கிட்டு வர்ற."

அதற்குப் பிறகு தொழிலைப் பற்றி அவர் பேசவே இல்லை. அது இன்னும் மோசம்.

ஒரு பழைய பங்களாவை இடித்தபோது அதன் வாசல் நிலை எனக்குக் கிடைத்தது. பலா மரம், இரண்டு ஆள் அகலம், மேலே பூவேலை. கரையான் தொடவே இல்லை. காணியின் முன்பக்கத்தில் நிமிர்த்தி, சுவரில் சாய்த்து வைத்தேன். பின்னால் இருக்கும் கொட்டகைக்குள் அது நுழையாது. ஜன்னல்கள் போயின, ஓடு போனது, நிலை மட்டும் அசையவில்லை. நம்மாட்கள் அடுத்தவன் வீட்டு ஜன்னலை வாங்குவார்கள். வாசல் நிலை என்றால் கையை எடுத்துவிடுவார்கள். அந்த வீட்டில் என்ன நடந்ததோ, யாருக்குத் தெரியும் என்பார்கள்.

அப்போதுதான் காணிக்காரர் முன்பக்கத்தில் கடை கட்டப்போவதாகச் சொல்லி, மாத முடிவுக்குள் நிலையை எடுத்துவிடச் சொன்னார். எடுத்து எங்கே வைப்பது? பழைய மரத்தை விறகுக்கு வாங்க ஒரு பேக்கரிக்காரர் தயாராக இருந்தார். முழுசாக இருக்கும் எதையும் எரிக்க விடமாட்டேன் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன்.

கலகெதரயில் கடை வைத்திருக்கும் ஒருவர் புதுவீட்டுக்கு ஜன்னல் பார்க்க மனைவியோடு வந்தார். அவருக்கு நிலை பிடித்துவிட்டது. அந்த அக்காதான் தயங்கினார். நான் விடவில்லை. படித்த வாய் அல்லவா?

"அக்கா, நட்டு, மஞ்ச குங்குமம் வச்சு, பூச பண்ணினாத்தான் அது நிலை. அந்த வீட்ட ஒடச்சதோட அந்தப் பூசையும் போயிருச்சு. இப்ப இது வெறும் மரந்தான்."

அந்த அக்கா நிலையைத் தொட்டுப் பார்த்தார். வெள்ளிக்கிழமை லொறி கொண்டுவருவதாகச் சொல்லிப் போனார்கள்.

வீட்டில் இதைச் சொன்னேன். அப்பா சோற்றிலிருந்து நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தார். எனக்கு அதுவே பெரிய விஷயம். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கடுகஸ்தோட்டைக்கு ஒரு வேலையாகப் போய்விட்டு நான் காணிக்கு வந்தபோது, லொறி நின்றது. நிலை முழுக்க மஞ்சள். மூன்று பக்கமும் குங்குமப் பொட்டு. மேலே மாவிலை. கீழே உடைத்த தேங்காய், கற்பூரம் எரிந்த கரி. பக்கத்தில் அம்மா ஈரத் தலையோடு, சிரித்த முகமாக. வியாபாரம் நல்லபடியாக முடியவேண்டும் என்று விடியற்காலையிலேயே வந்து பூசை போட்டிருக்கிறார்.

அந்த அக்கா லொறியை விட்டு முழுதாக இறங்கவில்லை.

"தம்பி, பூச பண்ணினாத்தான் நிலைன்னு நீங்கதானே சொன்னீங்க. இது இப்ப ஒங்க வீட்டு நிலை. இதப் பேத்துட்டுப் போனா அந்தப் பாவம் எங்களுக்கு வேணாம்."

கழுவித் தருகிறேன் என்று வாளியை எடுத்தேன். அது இன்னும் தப்பாகிவிட்டது. பொட்டை அழிப்பதா என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கணவர் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு ஜன்னல்களை மட்டும் ஏற்றினார். அம்மாவிடம் கத்த வார்த்தை வாய் வரை வந்தது. அவர் அந்தத் தேங்காய் மூடியை எனக்காக எடுத்து நீட்டிக்கொண்டு நின்றார். கத்தவும் முடியவில்லை.

மாத முடிவில், வேறு வழியில்லாமல், பேக்கரிக்காரருக்குச் சொல்லி அனுப்பினேன். சிங்களவர், அவராவது கொண்டுபோவார் என்று நினைத்தேன். வந்தார், குங்குமத்தைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். இதை அடுப்பில் வைத்தால் அப்புறம் பாண் பொங்காது என்று சொல்லிவிட்டு வெறும் லொறியோடு போய்விட்டார்.

இப்போது அது எங்கள் லயத்து வரிசைவீட்டின் பக்கச் சுவரோரம் தார்ப்பாய்க்குக் கீழே படுத்திருக்கிறது. பாதி வழியை அடைத்துக்கொண்டு. நிலையைத் தாண்டக் கூடாது, சுற்றிப் போகவேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. மழையில் சேற்றை மிதித்துக்கொண்டு நாங்கள் சுற்றித்தான் போகிறோம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அம்மா தார்ப்பாயைத் தூக்கிப் பொட்டு வைக்கிறார். இனி எவன் வாங்குவான் என்று கேட்டேன். அவர் இன்னொரு பொட்டு வைத்தார்.

நிலையைக் கொண்டுவந்து இறக்கிய அன்று ஒரு முனையை அப்பாதான் பிடித்தார். மூச்சு வாங்கிக்கொண்டே அதன் மேல் தார்ப்பாயை இழுத்துவிட்டார்.

"எங்க குப்ப லொறியில ஏத்தியிருந்தாலும் இத எவனும் கொட்டியிருக்க மாட்டான். ஓரமா சாத்தி வச்சிட்டுத்தான் வந்திருப்போம். அதுக்குப் போயி ஒரு பட்டணத்துக் காணி, வாடக, ஒம் படிப்பு."

நிலையைத் தாண்டி உள்ளே போகலாம் என்று காலைத் தூக்கினேன். உள்ளேயிருந்து அம்மா, "சுத்திப் போ" என்றார்.