தேரடித் தேங்காய்க்கு நாங்கள் எழுதிய விதி

உணவகங்களில் கோப்பை கழுவி இரண்டு கடை போட்டவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்புதான். ஆனால் பாரிஸில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் என்னைக் கேட்காமல் ஒன்றும் நடக்காது. தெரு குப்பையாகிறது, தேர்த் திருவிழாவில் அங்கே தேங்காய் உடைக்கக் கூடாது என்று நகரசபைக் கடிதம் வந்தபோது, எல்லோர் சார்பிலும் சம்மதம் என்று நானே கையெழுத்திட்டேன். விசாவுக்கு அலைந்த காலத்துப் பழக்கம். அலுவலகத் தாளைக் கண்டால் கை தானாக ஓடும்.

அந்த வாரம் நியூசிலாந்தின் பூர்வகுடியான ஒரு மாவோரிப் பேராசிரியை என் கடைக்குச் சாப்பிட வந்தார். பூர்வகுடிகளின் அரசியலை அரசாங்கத் திட்டங்களோடு இணைப்பது அவருடைய ஆய்வு. கடிதக் கதையைப் பெருமையாகச் சொன்னேன். மகள் மொழிபெயர்த்தாள்.

"அப்பா, கையெழுத்து வைக்க முதல் ஆரைக் கேட்டனீங்கள் எண்டு கேக்கிறா."

"நான் ஆரைக் கேக்கிறது?"

"தங்கடை ஆக்களுக்கும் இப்பிடித்தான் கேக்காமல் சட்டம் எழுதினவையாம். எழுதேக்கையே நாங்களும் மேசையிலை இருக்கோணுமாம்."



மறுநாள் கோயிலில் எல்லோர் முன்னும் பிழையை ஒப்புக்கொண்டேன். அலுவலகங்கள் துப்புரவாக்கும் ராணி சிரித்தார்.

"அண்ணை, பாரிஸையே கூட்டுறது நாங்கள். சிரட்டை அள்ள மாட்டமே?"

அதையே எழுதிக்கொண்டு போய், அதிகாரியோடு ஒரே மேசையில் இருந்து விதியை மாற்றினோம்: உடைக்கலாம், உடனே நாங்களே அள்ள வேண்டும்.

தேரன்று முதல் காயை ராணி உடைத்தார். தெரு அதிர்ந்தது. வாழ்க்கையில் எத்தனையோ வென்றிருக்கிறேன். நாலு பேரைக் கேட்டு வென்றது அதுதான் முதல் தடவை.