ஆசீர்வாதத்தின் அனுபவம்

எங்கள் தீயணைப்பு நிலையம் தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகிற வழியில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. ஊர்ப் பெயரைச் சொன்னால் நிலையத்தில் உள்ளவர்களுக்குச் சங்கடம், எனக்கும் சங்கடம், ஆகவே வேண்டாம். நான் அங்கே வண்டி ஓட்டுகிறவன், பெயர் ஜாஃபர் சாதிக். ஆயுத பூஜையன்று மாலையும் பொட்டுமாக நிற்கும் வண்டியை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி இறக்குவது ஓட்டுநர் வேலை. ஏழெட்டு வருடமாக நான் செய்கிறேன். ஒவ்வொரு வருடமும் உள்ளூர் நிருபர் படம் எடுக்கிறார், மறுநாள் 'மத நல்லிணக்கத்துக்கு எடுத்துக்காட்டு' என்று பேப்பரில் வருகிறது. பழத்தை நசுக்கியதைத் தவிர நல்லிணக்கத்துக்காக நான் எதுவும் செய்ததில்லை.

அந்தப் படங்கள் எதிலும் ஆசீர்வாதம் இருக்க மாட்டார். அவர்தான் எங்களில் மூத்தவர். வயது நாற்பத்தொன்பது, முன்னணித் தீயணைப்பாளர், பத்தொன்பது வருட சர்வீஸ். மாதா கோவிலுக்குப் பின்னால் இருக்கும் காலனியில் வீடு. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்துப் படிக்க வைத்தார்கள். தபால் வழியில் பி.ஏ. வரலாறு முடித்தவர். நிலையத்திலேயே அழகான கையெழுத்து அவருடையது என்பதால் மேலிடத்துக்குப் போகிற எல்லாப் படிவத்தையும் அவரே நிரப்புவார்.

தீயில் அவருக்கு இணை கிடையாது. அறுவடை முடிந்த மாதங்களில் எங்களுக்கு வருகிற அழைப்பில் பாதி வைக்கோல் போர்தான். போரின் மேல் எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, எந்த இடத்தில் பிரித்துப் போட வேண்டும் என்று அவர் கையைக் காட்டுவார். காட்டின இடத்தில் பிரித்தால் அணையும். நாங்கள் வேறு இடத்தில் பிரித்த இரண்டு முறை பக்கத்துக் கொட்டகையும் சேர்ந்து போனது. அந்த வேலையை அவர் ஆசைப்பட்டுச் செய்வார்.

ஆனால் அவர் பேர் வாங்கியது வேறொன்றில். ஆற்றிலோ வாய்க்காலிலோ யாராவது போய்விட்டால், உடலை எடுக்க இறங்குகிறவர் ஆசீர்வாதம்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவரை இறக்கினார்கள். புது ஆள், பழகட்டும் என்றார்கள். பழகியபின் அவருக்குத்தானே பழக்கம் என்றார்கள். பிறகு அதற்கு 'அனுபவம்' என்று பேர் வந்தது. அவருக்குப் பின்னால் சேர்ந்த பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் அந்த அனுபவம் வரவில்லை. அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டி, கையில் கொக்கிகள் வைத்த பாதாளக்கரண்டியைக் கொடுத்து இறக்கிவிடுவோம். கயிற்றைக் கரையில் துரைராசு பிடித்துக்கொள்வான். திருவையாற்றுக்காரன், காவிரியிலேயே வளர்ந்தவன், மாவட்ட அளவில் நீச்சலுக்கு இரண்டு கோப்பை வாங்கியவன்.

உடல் எடுத்த நாளில் ஆசீர்வாதம் மோட்டார் ரூம் குழாயில் குளித்துவிட்டு, வெளியே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவார். இறப்புத் தீட்டு, அன்றைக்கு மட்டும்தான் என்பது ஏற்பாடு. மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் அன்றைக்கு மட்டும் என்பது வாரத்தில் மூன்று நாள் வரும். அப்புறம் மற்ற நாளிலும் அவர் அங்கேயே உட்கார்ந்துகொண்டார், நாங்களும் அவருக்குக் காற்றோட்டம் பிடிக்கும் போலிருக்கிறது என்று விட்டுவிட்டோம். மற்றபடி எங்கள் மெஸ் சமத்துவமான மெஸ். ரம்ஜானுக்கு நான் கொண்டுபோகும் நோன்புக் கஞ்சியை எல்லோரும் குடிப்பார்கள். கிறிஸ்துமஸுக்கு ஆசீர்வாதம் பேக்கரி கேக் வாங்கி வந்தால் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். அவர் வீட்டில் செய்த அதிரசம் என்றால் மட்டும் அன்றைக்கு எல்லோருக்கும் சர்க்கரை நோய் வந்துவிடும்.

சாதி என்ற சொல்லை எங்கள் நிலையத்தில் ஒருவரும் ஒருநாளும் சொன்னதில்லை.

போன வருடம் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. சமத்துவம், பண்பாட்டுப் பன்மை பற்றி ஒரு நாள் பயிற்சி, மதியம் சாம்பார் சாதம், தயிர் சாதம். கடைசியில் ஒரு படிவம். 'உங்கள் நிலையத்தில் எவ்விதப் பாகுபாடேனும் உள்ளதா?' வழக்கம்போல எல்லோருக்கும் சேர்த்து ஆசீர்வாதம் நிரப்பினார். 'இல்லை' என்று அழகாக எழுதினார். என் எலுமிச்சம்பழப் படத்தையும் இணைத்து அனுப்பினோம். எங்களை முன்மாதிரி நிலையம் என்று அறிவித்தார்கள்.

முன்மாதிரி நிலையம் என்றால் மேற்கொண்டு ஏதாவது செய்து காட்ட வேண்டும். அப்போதுதான் புதிதாக வந்திருந்த நிலைய அலுவலர் மாலதி மேடம் பழைய பதிவேடுகளைப் புரட்டினார். உடல் மீட்பு என்று இருக்கிற இடமெல்லாம் ஒரே பேர். இவ்வளவு அனுபவமுள்ளவரை இத்தனை வருடம் யாருமே பாராட்டவில்லையே என்று அவருக்கு வருத்தம். மாவட்டத்துக்கு ஒரு நீர்மீட்புக் குழு அமைத்து, அதற்கு ஆசீர்வாதத்தைத் தலைவராகப் போட வேண்டும் என்று எழுதினார். ஒப்புதலும் வந்தது. நல்ல மனதோடு செய்தார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஓய்வு பெறும்வரை இன்னும் பதினோரு வருடம் ஆசீர்வாதம் தீயின் பக்கம் போக வேண்டாம், நாள் முழுக்க உடல் மட்டும் எடுத்தால் போதும். ஒரு நீச்சல் தேர்வு மட்டும் பாக்கி, அதுவும் சம்பிரதாயத்துக்கு.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு நான் வண்டி கழுவிக்கொண்டிருந்தபோது ஆசீர்வாதம் வந்தார்.

"ஜாஃபர், எனக்கு நீச்சல் தெரியாது" என்றார்.

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"சத்தியமாத்தான் சொல்றேன். எங்க பேட்ச் ட்ரெய்னிங்ல குளத்துல தண்ணி இல்ல. தரையில படுக்க வச்சு கையக் கால ஆட்டச் சொன்னாங்க. பாஸ் போட்டுட்டாங்க."

"அப்ப இத்தன வருசமா எப்படிங்க?"

"கழுத்து வரைக்கும் நடப்பேன். அதுக்கு மேல வந்தா ரெண்டு வாட்டி கயித்த இழுப்பேன். துரைராசு தூக்கிடுவான்."

அந்த இரண்டு இழுப்பை நாங்கள் ஏதோ தொழில் நுணுக்கம் என்று நினைத்திருந்தோம். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறோம்.

"ஒவ்வொரு வாட்டியும் பயந்துக்கிட்டுதான் ஜாஃபர் எறங்குனேன்" என்றார். "இப்ப தெரியாதுன்னு சொன்னா, இவ்வளவு நாள் ஏமாத்துனியான்னு வேலைக்கே வம்பு வரும். சொல்லலன்னா பதினோரு வருசம் தண்ணியிலதான்."

எனக்குத் தெரிந்த ஒரே யோசனையைச் சொன்னேன். "காய்ச்சல்னு லீவு போட்டுடுங்க." இத்தனை வருடமாக அவர் பக்கத்தில் இருந்தவன் சொன்ன யோசனை அது. இப்போது நினைத்தால் எனக்கே என் மேல் எரிச்சல் வருகிறது.

அவர் லீவு போடவில்லை. தஞ்சாவூரில் ஒரு நீச்சல் குளத்தில் தேர்வு. நாங்கள் நான்கு பேர் கைதட்டப் போயிருந்தோம். மாலதி மேடம் சால்வை வாங்கி வைத்திருந்தார். தேர்வு அதிகாரி விசில் ஊதினார். ஆசீர்வாதம் ஆழமான பக்கத்தின் விளிம்பில் நின்றார், குதிக்கவில்லை. அதிகாரி மறுபடி ஊதினார்.

"எனக்கு நீச்சல் தெரியாதுங்க சார்."

அதிகாரி ஃபைலைப் பார்த்தார். "பத்தொம்போது வருச அனுபவம்னு எழுதியிருக்கு?"

"கயிறு கட்டி எறக்கி விடுவாங்க சார்."

"ஸ்டேஷன்ல நீச்சல் தெரிஞ்சவங்க யாருமே இல்லையா?"

"இருக்காங்க சார். அவங்கதான் கயித்தப் புடிப்பாங்க."

"தெரிஞ்சவன் கரையில, தெரியாதவன் தண்ணியிலயா? ஏன்யா?"

ஆசீர்வாதம் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. "பொணத்தத் தொட்டவன் உள்ள உக்காந்து சாப்பிடக் கூடாதுங்க சார். அவங்க உள்ள சாப்பிடணும். அதான் நான் எறங்குறேன். நான் காலனிங்க சார்."

குரல் உயரவில்லை. படிவத்தை வாசிக்கிற மாதிரி சொன்னார். துரைராசு தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அந்தக் குளத்தில் நானே குதித்துவிடலாம் போலிருந்தது. மேடம் சால்வையைப் பைக்குள் வைத்தார்.

மேலிடத்திலிருந்து இரண்டு காகிதம் வந்தது. குழு கைவிடப்பட்டது என்பது ஒன்று, ஆசீர்வாதம் மூன்று மாதத்துக்குள் நீச்சல் கற்க வேண்டும் என்பது இன்னொன்று. முன்மாதிரி நிலையம் என்ற அறிவிப்பைத் திரும்பப் பெறுவதற்குப் படிவம் கிடையாது என்பதால் அது அப்படியே இருக்கிறது. மேடம் மட்டும் டியூட்டி பலகையில் ஒரு பட்டியல் எழுதினார். உடல் மீட்புக்கு இனிமேல் முறை வைத்து இறங்க வேண்டும். முதலில் துரைராசு, ஐந்தாவது நான், ஆறாவது மேடமே. ஓட்டுநர் வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்ற விதியை அவருக்கு நினைவூட்டினேன்.

"தண்ணி அடிக்கிற பம்பு ஓடலன்னா எறங்கலாம், நானும் விதி படிச்சிருக்கேன் ஜாஃபர்" என்றார்.

ஜூன் கடைசியில் அழைப்பு வந்தது. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன ஒருவர் வாய்க்காலில் தவறி விழுந்து, மதகில் சிக்கியிருந்தார். துரைராசு இறங்கினான். கயிற்றை ஆசீர்வாதம் பிடித்தார். கரையில் அழுதுகொண்டிருந்த குடும்பத்தை அவ்வளவு பக்கத்தில் நின்று அவர் பார்த்தது அன்றுதான். துரைராசு ஐந்தே நிமிடத்தில் உடலை விடுவித்துக் கொண்டுவந்தான். கரையேறியதும் வரப்பில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். ஆசீர்வாதம் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

நிலையத்துக்குத் திரும்பினோம். மதியச் சாப்பாடு, கத்தரிக்காய் சாம்பார். மேடம் சொன்னதால் ஆசீர்வாதம் அந்த மாதம் முதல் உள்ளே மேசையில்தான் சாப்பிடுகிறார். துரைராசு குளித்துவிட்டு வந்து, தட்டை எடுத்துக்கொண்டு, யாரும் சொல்லாமலே வாசலில் நின்றுவிட்டான். நாங்கள் ஆளாளுக்குச் சாம்பாரைப் பார்த்தோம். கூப்பிட வேண்டியது ஆசீர்வாதம் என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம். எப்போதும் போல இதையும் அவர் தலையில்தான் கட்டினோம்.

அவர் கூப்பிடவில்லை. சாம்பாரை முடித்தார். ரசம் கேட்டு வாங்கிப் பிசைந்தார். துரைராசு நின்றுகொண்டே இருந்தான். அந்த இரண்டு நிமிடம் தனக்கு நன்றாகத்தான் இருந்தது என்று ஆசீர்வாதம் பிற்பாடு என்னிடம் சொன்னார், அதை மறைக்கவில்லை.

"வா, உள்ள வந்து உக்காரு" என்றார் கடைசியில்.

துரைராசு அசையாமல், "குளிச்சிட்டேன்ண்ணே" என்றான், அனுமதி கேட்கிற மாதிரி.

"நானும் பத்தொம்போது வருசமா குளிச்சிட்டுத்தாண்டா வந்தேன்" என்றார் ஆசீர்வாதம்.

பக்கத்து நாற்காலியில் கிடந்த தன் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். துரைராசு வந்து உட்கார்ந்தான்.